செவ்வாய் வெள்ளி அணையும் அடுப்பு

1

போன வாரம் எங்கள் வீட்டு அடுப்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். அடுப்பு என்றதும் சோறு வடிக்கிற அடுப்பை நினைத்துவிடாதீர்கள். இது வீட்டைச் சுட வைக்கிற அடுப்பு. ஆஸ்திரியாவில் மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் எங்கள் வீடு. வருடத்தில் பாதி நாள் இந்த அடுப்பு எரியவில்லை என்றால் குழாயில் தண்ணீரே உறைந்துவிடும்.

இதை முதன்முதலில் போனில் சொன்னபோது தண்டையார்பேட்டையில் இருக்கும் என் சித்தி நம்பவே இல்லை. "வூட்ட எதுக்குடி சுட வெக்கறீங்க? இங்க அது தானா சுட்டுகினு கீது, மொட்ட மாடில போய் படுத்துகினுகீறோம்" என்றாள். அவளிடம் குளிர் என்றால் என்னவென்று விளக்குவது என்னால் ஆகாத காரியம். ஊரில் இருக்கும் உங்களுக்கும் ஆகாது என்றே நினைக்கிறேன். ஆனாலும் அடுப்பைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மரம் அறுக்கும் மில்லில் மிஞ்சுகிற தூளை இயந்திரத்தில் அழுத்தி, பென்சில் கனத்தில் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி, மூட்டை கட்டி விற்கிறார்கள். பெல்லட் என்று பெயர். அடுப்பின் தலையில் இருக்கும் தொட்டியில் ஒரு மூட்டையைக் கொட்டிவிட்டால், உள்ளே இருக்கும் திருகாணி அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, ஓர் இரும்புக் கிண்ணத்தில் விழ வைக்கும். கிண்ணத்தில் நெருப்பு. முன்னால் கண்ணாடிக் கதவு. அந்தச் சூட்டில் தண்ணீர் காய்ந்து மாடி வரைக்கும் குழாயில் போகும். எவ்வளவு விழ வேண்டும், எவ்வளவு காற்று வேண்டும் என்று எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். புகை இல்லை, கரி இல்லை, ஊதாங்குழல் இல்லை. ஆனால் ரொம்ப ரோஷக்கார அடுப்பு. அதன் மேல் யாராவது கை வைத்தால் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு படுத்துவிடும்.

பழையதைக் கழற்ற வந்தவர் யோசப். இந்தப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் அடுப்பு ரிப்பேர் பார்ப்பவர். தாடி நரைத்துவிட்டது. வேலையை ஆரம்பிக்கும் முன்னால் தொப்பியைக் கழற்றிவிட்டு என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "உங்கள் அப்பா எப்படி இருக்கிறார்?"

நல்லா இருக்கார் என்று சொன்னேன். சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்க் காரணமே இல்லாமல் கொஞ்ச நேரம் அழுதேன்.

2

என் நைனாவை, அதாவது அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். தண்டையார்பேட்டை டோல்கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மரவாடியில் ரம்பத்துக்கு மரம் தள்ளும் வேலை அவருக்கு. சாயந்திரம் வீட்டுக்கு வந்தால் காது, மூக்கு, இமை எல்லாம் தூளாக இருக்கும். அம்மா வாசலிலேயே நிறுத்தி, துண்டால் நாலு அடி அடித்துத்தான் உள்ளே விடுவாள். வரும்போது ஒரு கோணி மரத்தூளும் கொண்டுவருவார். எங்கள் வீட்டில் எரிந்தது மரத்தூள் அடுப்பு. தகர டப்பாவின் நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளைக் கொட்டிக் கட்டையால் இடித்து இறுக்கி, பாட்டிலை மெல்ல உருவி எடுத்தால் நடுவில் ஒரு குழி நிற்கும். அதில் பற்றவைத்தால் சோறு, குழம்பு, வெந்நீர் எல்லாம் ஆகிவிடும். எல்லாம் முடிந்த பிறகு மிஞ்சுகிற தணலில் அம்மா சாம்பிராணி போடுவாள். செவ்வாயும் வெள்ளியும் எனக்கு எண்ணெய்க் குளியல். தலை காய்கிற வரைக்கும் அந்தப் புகைக்கு மேலே முடியை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

எனக்குக் கல்யாணம் ஆன மறு வருடம் அம்மா போய்விட்டாள். நான் என் கணவர் முரளியோடு இங்கே வந்து சேர்ந்தேன். முரளி திருவொற்றியூர்க்காரர், இங்கே ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் வேலை. நான் முழுகாமல் இருக்கும் செய்தியைப் போனில் நைனாவிடம் சொன்னேன். உடனே, "பிரசவத்துக்கு யாரு வரா?" என்றார்.

"யாரும் இல்ல நைனா. இங்க ஆஸ்பத்திரியில எல்லாம் பார்த்துப்பாங்க."

"ஆஸ்பத்திரி பிரசவம் பாக்கும். அப்பால குழந்தைய யாரு குளிப்பாட்டுவா? நான் வரேன்."

கேட்டு நான் சிரித்துவிட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "உன்ன குளிப்பாட்டினதே நான்தான். உங்கம்மாவுக்கு உன் தலைய புடிக்க பயம். இன்னா சிரிக்கிற?" என்றார். எனக்கு அது அன்றைக்குத்தான் தெரியும்.

விசா கொடுக்கிற இடத்தில் பெரிய கூத்து. மகள் பிரசவத்துக்கு அம்மா போவதுதானே வழக்கம், நீ எதற்கு என்று கேட்டிருக்கிறார்கள். அம்மா இறந்த சான்றிதழை எடுத்து நீட்டியிருக்கிறார். அங்கே போய் என்ன செய்வாய் என்று அடுத்த கேள்வி. "குளிப்பாட்டுவேன் சார்" என்று சொல்லியிருக்கிறார். கவுன்டரில் இருந்தவர் பக்கத்து சீட்டுக்காரரைக் கூப்பிட்டு, அதே பதிலை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாராம். என்ன நினைத்தார்களோ, மூன்று மாதத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

நான் அவரிடம் கொண்டுவரச் சொன்ன சாமான் பட்டியலில் கம்ப்யூட்டர் சாம்பிராணி இருந்தது. அதுதான், தீக்குச்சி கிழித்துப் பற்றவைத்தால் போதும், கூம்பு மாதிரி இருக்குமே, அது. சரி சரி என்றார். விமான நிலையத்தில் அவர் பெட்டியைத் திறந்து பார்த்தபோது, லுங்கியில் சுற்றிய பித்தளைத் தூபக்காலும், டோல்கேட் நாட்டு மருந்துக் கடையின் கட்டிச் சாம்பிராணி ஒரு பொட்டலமும் இருந்தனவாம். அதிகாரி ஒரு கட்டியை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டே பெட்டியை மூடிவிட்டாராம். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்த விஷயங்கள்.

3

யூரோ நோட்டு புழக்கத்துக்கு வந்த குளிர்காலம் அது. என் மகள் மீரா நாள் நிறைவதற்குள் முந்திக்கொண்டு பிறந்துவிட்டாள். வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். கோழிக்குஞ்சு மாதிரி இருந்தாள், அழக்கூட தெம்பில்லை. கொஞ்ச நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டுக்குக் கொண்டு போகலாம் என்று விட்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை: குழந்தை இருக்கும் அறை இருபத்திரண்டு டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ள இவளுக்கு இன்னும் தெரியாது, வீடுதான் செய்ய வேண்டும் என்றார்கள்.

ஹெல்கா என்று ஒரு நர்ஸ் வீட்டுக்கு வந்து பார்ப்பார். உயரமான பெண்மணி, சிரிக்க மாட்டார். குழந்தையை எடை போடுவதற்கு முன்னால் சுவரில் தொங்கவிட்ட வெப்பமானியைத்தான் பார்ப்பார். வாரத்தில் இரண்டு நாள் குளிப்பாட்டினால் போதும் என்றதும் நைனாவுக்கு ரொம்ப திருப்தி. "பாரு, இந்தம்மாவுக்கும் தெரிஞ்சிகீது, செவ்வா வெள்ளி" என்றார். ஹெல்கா எந்தக் கிழமையும் சொல்லவில்லை.

வந்த முதல் நாளே நைனா அடுப்புக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். குல்லா, மப்ளர், முரளியின் இரண்டு ஸ்வெட்டர். மூட்டையில் கை விட்டு ஒரு பிடி பெல்லட்டை அள்ளி, மாடியில் படுத்திருந்த எனக்குக் கேட்கும்படி குரல் கொடுத்தார்.

"இன்னா இது, கோழித் தீவனமா?"

"மரத்தூள் நைனா. மரத்தூளை அழுத்தி இப்படிப் பண்ணியிருக்காங்க."

ஒன்றை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்துவிட்டுத் துப்பினார். பிறகு டம்ளர் தண்ணீரில் இரண்டு துண்டு போட்டு வைத்தார். கொஞ்ச நேரத்தில் அது ஊதி, பொலபொலவென்று உதிர்ந்து, பழைய மரத்தூளாகவே ஆகிவிட்டது. அந்த டம்ளரை மாடிக்கே தூக்கிக்கொண்டு வந்து என்னிடம் காட்டினார். "நம்ம மரவாடி தூளு கண்ணு. எங்க வந்து குந்திகினுகீது பாரு" என்றார். அவர் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷம், சொந்தக்காரரை ரயில்வே ஸ்டேஷனில் பார்த்த மாதிரி.

அதற்கப்புறம் அவருக்கு இந்த ஊர் பழகிவிட்டது. அடுப்புக்கு மூட்டை தூக்குவது அவர் வேலையாகிவிட்டது. தெருவில் பனி தள்ளுகிறவர்களுக்கெல்லாம் கையைத் தூக்கி வணக்கம் வைப்பார். ஒரே ஒரு குறை: "காத்துல ஒரு வாசனையும் இல்லியே, பேஜாரா கீது" என்பார். மணலி ரிஃபைனரிக் காற்றிலும் எண்ணூர் அனல்மின் சாம்பலிலும் வளர்ந்த மூக்கு. அதற்கு மலைக்காற்று வெறும் காலி டப்பா.

4

மீராவின் முதல் குளியல் ஒரு செவ்வாய்க்கிழமை. எனக்கு வயிற்றில் தையல், மாடியை விட்டு இறங்க முடியாது. கீழே அடுப்புக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, காலின் மேல் குழந்தையைப் போட்டு நைனா குளிப்பாட்டினார். முரளி வேலைக்குப் போய்விட்டார். தண்ணீர் சத்தமும், அவர் குழந்தையோடு பேசுகிற சத்தமும் மாடிக்குக் கேட்டன. கொஞ்ச நேரத்தில் சாம்பிராணி வாசனை படியேறி வந்தது. எத்தனை வருடம் கழித்து. நான் கண்ணை மூடிக்கொண்டேன், தண்டையார்பேட்டையே வந்துவிட்டது. துடைத்துச் சுற்றிக் கொண்டுவந்து என் பக்கத்தில் படுக்கவைத்தார். குளித்த குழந்தை தூங்கியது, நான் தூங்கினேன், நைனாவும் கீழே நாற்காலியில் தூங்கிவிட்டார்.

எழுந்தபோது மூக்கு நுனி சில்லிட்டிருந்தது. அடுப்பு அணைந்து கிடந்தது, சிவப்பு விளக்கு. முரளி வந்து திட்டிக்கொண்டே மறுபடி பற்றவைத்தார். மூட்டை ஈரம் பட்டிருக்கும் என்று சொல்லி அந்த மூட்டையை மாற்றினார். மூன்று நாள் ஒழுங்காக எரிந்தது.

வெள்ளிக்கிழமை மறுபடியும். அன்றைக்கு நேரம் பார்த்து ஹெல்கா வந்துவிட்டார். வெப்பமானியைப் பார்த்தார், குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார், முகம் கல்லாகிவிட்டது. என்னுடைய அரைகுறை ஜெர்மனில் என்னென்னவோ சொன்னேன். எனக்குப் பதற்றம் வந்தால் முதலில் ஓடிப்போவது இந்த ஊர் மொழிதான். கடைசியில் தமிழிலேயே "நாங்க நல்லாத்தாங்க பார்த்துக்கறோம்" என்றேன். அவர் அதற்குத் தலையாட்டினார், புரிந்துதான் ஆட்டினாரோ என்னவோ.

பக்கத்து வீட்டில் கரண்ட் ஹீட்டர் ஒன்று கடன் வாங்கினோம். பழைய வீடு, அதைப் போட்டால் பியூஸ் போய்விடுகிறது. முரளி வந்து அடுப்பை மறுபடி பற்றவைத்தாலும் நம்பிக்கை போய்விட்டது, யோசப்பைக் கூப்பிட்டோம். திங்கட்கிழமை வந்தார். எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தார், புகைக்குழாயைச் சுத்தம் செய்தார், பற்றவைக்கிற கம்பியைப் புதிதாகப் போட்டார். "குதிரை மாதிரி ஓடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். திங்கள் ராத்திரி ஓடியது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் பார்த்தால் சிவப்பு விளக்கு.

அன்றைக்கு ராத்திரி எனக்கும் முரளிக்கும் சண்டை. இந்த வீடு வேண்டாம் என்று அப்போதே சொன்னேன் என்று நான். நீதான் மலை தெரிகிற வீடு கேட்டாய் என்று அவர். நைனா நடுவில் வந்து, "அடுப்பு மேல கோவம், ஒருத்தர ஒருத்தர் ஏன் கடிச்சிகிறீங்க?" என்று சொல்லிவிட்டு, குழந்தையைத் தன் ஸ்வெட்டருக்குள் விட்டு நெஞ்சோடு கட்டிக்கொண்டு விடிகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார்.

காலையில் ஹெல்கா போன் பண்ணினார். குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. "வெள்ளிக்கிழமை மத்தியானம் வருகிறேன். அடுப்பு ஏன் அணைகிறது என்று அதற்குள் தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் திருப்பி அனுப்புவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. காரணம் தெரியாத கோளாறை நம்பி இந்தக் குழந்தையை நான் விட முடியாது" என்றார்.

நியாயம்தான். நியாயமாக இருந்ததால் திட்டக்கூட முடியவில்லை. அந்தக் கண்ணாடிப் பெட்டியும், அதன் ஓட்டைக்குள் கையை விட்டு மட்டும் தொட விடுவார்களே, அதுவும் ஞாபகம் வந்தன. மறுபடி அதில் வைத்தால் நான் உயிரோடு இருக்க மாட்டேன் என்று முரளியிடம் சொன்னேன். அப்படியெல்லாம் பேசாதே என்றார். சொல்லிவிட்டு உடனே யோசப்புக்குப் போன் போட்டார்.

5

வெள்ளிக்கிழமை காலையிலேயே யோசப் வந்துவிட்டார். தையல் வலியைப் பொறுத்துக்கொண்டு, பேச்சுக்குத் துணையாக நானும் கீழே இறங்கி வந்தேன். மீரா சோபாவில் என் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். அடுப்பு சமர்த்தாக எரிந்துகொண்டிருந்தது. யோசப் காதை வைத்துக் கேட்டார், கண்ணாடிக்குள் பார்த்தார், ஏதோ கருவியைச் சொருகிப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. "எனக்குப் புரியவில்லை" என்று சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு அடுப்புக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார். காபி கொடுத்தேன். அணைகிற வரைக்கும் நான் இங்கிருந்து போக மாட்டேன் என்றார்.

நைனா சமையலறையில் வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்தார். ஒரு கையில் தூபக்கால், இன்னொரு கையில் இரும்புக் கரண்டி.

"கொஞ்சம் நவுருப்பா ஜோசப்பு" என்றார்.

யோசப் மரியாதைக்கு நாற்காலியை நகர்த்திக்கொண்டார். நைனா அடுப்புக்கு முன்னால் குந்தினார். கைப்பிடியைத் துணியால் பிடித்து, எரிந்துகொண்டிருந்த அடுப்பின் கண்ணாடிக் கதவைத் திறந்தார். உள்ளே கரண்டியை விட்டு, கிண்ணத்திலிருந்த தணலை அப்படியே வழித்து, தூபக்காலில் போட்டுக்கொண்டார். கதவைச் சாத்தினார். மேலே ஒரு கட்டிச் சாம்பிராணியை வைத்து ஊதினார். புகை குபுகுபுவென்று கிளம்பியது.

யோசப் வாய்க்குக் கொண்டுபோன காபிக் கோப்பை வழியிலேயே நின்றுவிட்டது. அடுப்புக்குள் விசிறி வேகமெடுத்தது. ஜுவாலை இரண்டு தடவை துள்ளிவிட்டுப் படுத்தது. சிவப்பு விளக்கு.

என் மரமண்டைக்கு அப்போதும் ஏறவில்லை. யோசப்தான் மெதுவாகக் கேட்டார்: "இவர் இதை எப்போதும் செய்வாரா?"

"நைனா, நீ இதுல இருந்தா நெருப்பு எடுக்கற? நான் கம்ப்யூட்டர் சாம்பிராணிதான கொண்டுவரச் சொன்னேன்?"

"அத்த யாரு வாங்குவா, வெறும் கரித்தூளு. பச்சக் கொழந்தைக்கு தீக்குச்சில கொளுத்தியா பொகை காட்டுவாங்க? தணல்ல போட்டாதான் அது சாம்பிராணி. ஏன், இன்னா ஆச்சு?"

"எப்பல்லாம் எடுப்ப?"

"குளிக்கற அன்னிக்கு மட்டுந்தான். செவ்வா, வெள்ளி. பொம்பளப் புள்ளையாச்சே."

நான் மொழிபெயர்த்தேன். யோசப் விரல் விட்டு எண்ணினார். செவ்வாய், வெள்ளி, செவ்வாய், இன்றைக்கு வெள்ளி. கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். பெரிய உடம்பு, நாற்காலியோடு குலுங்கினார். எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தையல் பிய்ந்துவிடும் போல வலிக்கிறது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறேன், கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. இத்தனை நாள் என் நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறாங்கல்லை யாரோ உருட்டிவிட்டார்கள்.

எரியும்போது கதவைத் திறந்தால் அடுப்புக்குள் காற்றின் கணக்குக் கெட்டுவிடும், நெருப்பையும் வழித்துவிட்டால் ஏதோ ஆபத்து என்று நினைத்து அதுவே தன்னை அணைத்துக்கொள்ளும் என்று யோசப் சொன்னார். அடுப்பில் ஒரு கோளாறும் இல்லை, ஒரு நாளும் இருந்ததில்லை.

அப்போதுதான் நைனாவைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. தூபக்காலைப் பிடித்தபடி அப்படியே குந்தியிருந்தார்.

"அப்ப நானா கண்ணு? நானா கொழந்தைய குளிருல போட்டேன்?"

"ஐயோ, அப்படி இல்ல நைனா."

"பெரிய மயிரு மாதிரி குளிப்பாட்ட வந்தேன். உங்கம்மா இருந்திருந்தா இப்டி ஆயிருக்குமா? டிக்கெட்ட மாத்திக் குடு, நான் போறேன்." தூபக்காலை எடுத்துக்கொண்டு பின்வாசல் கதவைத் திறந்து வெளியே பனியில் போய் நின்றுகொண்டார். ஸ்வெட்டர்கூட போடவில்லை.

இந்த நேரத்தில் ஹெல்காவின் கார் வந்து நின்றது. மத்தியானம் என்றவர் முன்னதாகவே வந்துவிட்டார். உள்ளே வந்தவர் மூக்கைச் சுளித்தார். நான் அவசரத்தில், "என் அப்பா குழந்தைக்குப் புகை விட்டார், அதனால்தான்" என்று சொல்லிவைத்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. பின்வாசல் கண்ணாடி வழியே பார்க்கிறார், அங்கே ஒரு மனிதர் கையில் புகையோடு நிற்கிறார். சுருட்டுக் குடித்துக் குழந்தை முகத்தில் ஊதினார் என்றே நினைத்துவிட்டார். யோசப் மட்டும் இல்லையென்றால் அன்றைக்கு என் மொழியே என் குடியைக் கெடுத்திருக்கும். அவர் எழுந்து, கரண்டியை எடுத்து நடித்தே காட்டி, ஆதியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். "அடுப்புக்கு நான் பொறுப்பு. காரணம் என் கண்ணெதிரிலேயே நடந்தது. இனி அணையாது" என்றார்.

ஹெல்கா நேரே சுவர்ப் பக்கம் போனார். வெப்பமானியைப் பார்த்தார். சூடு இன்னும் இறங்கவில்லை. மீராவை எடை போட்டார். இரண்டாம் தடவையும் போட்டார். குழந்தை எடை ஏறியிருந்தாள், அவர் எதிர்பார்த்ததைவிடக் கூடவே. "குழந்தை வீட்டிலேயே இருக்கட்டும்" என்றார். அப்புறம், புகை மட்டும் இந்த நுரையீரலுக்கு ஆகாது, அதைக் குழந்தை பக்கத்தில் கொண்டுவரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

நான் பின்வாசலைத் திறந்து, "நைனா, பாப்பா வூட்லயே இருக்கலாமாம்" என்று கத்தினேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். தூபக்காலை மெல்லப் பனியில் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். யோசப் தன் கோட்டைக் கழற்றிக்கொண்டு போய் அவர் மேல் போர்த்தினார்.

6

அன்றைக்கு யோசப் போவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தார். அடுப்பின் பக்கவாட்டில் வாரக் கடிகாரம் ஒன்று உண்டு, எந்தக் கிழமை எத்தனை மணிக்கு எரிய வேண்டும், எப்போது ஓய வேண்டும் என்று அதில் சொல்லி வைக்கலாம். அதைத் திறந்து என்னிடம் கேட்டார், "உங்கள் அப்பா எத்தனை மணிக்குக் குளிப்பாட்டுவார்?"

"பத்து மணி."

செவ்வாயும் வெள்ளியும் பத்து மணிக்கு அடுப்பு தானாக ஓய்ந்து, ஒரு மணி நேரம் கழித்துத் தானாகப் பற்றிக்கொள்ளும்படி வைத்தார். முறையாக ஓய்ந்தால் விசிறி நின்றபின் கதவைத் திறக்கலாம், கிண்ணத்தில் தணல் இருக்கும், எடுத்துக்கொள்ளலாம், அடுப்பு கோபித்துக்கொள்ளாது. ஒரு மணி நேரத்தில் வீட்டுச் சூடு எங்கும் போய்விடாது. இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல நைனா யோசப்பின் கோட்டுக்குள் உட்கார்ந்தபடி கேட்டார்.

"எனக்கோசரம் மெஷின நிறுத்தறானா?"

"ஆமா நைனா."

"ராயபுரத்துல நம்ம சிநேகிதன் ஒரு ஜோசப்பு கீறான், அவன்கூட இத்த செய்யமாட்டான்" என்றார். டிக்கெட் பேச்சு அதற்கப்புறம் வரவில்லை. விசா முடிகிற கடைசி நாள் வரைக்கும் இருந்தார்.

புகைக்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். குளியலுக்கு முன்னால் தணலைப் பின்வாசலுக்குக் கொண்டுபோய், பனியில் தூபக்காலை வைத்து, துவட்டுகிற துண்டை அதன் மேல் பிடித்துப் புகை காட்டுவார். நன்றாக உதறிவிட்டு உள்ளே வந்து அந்தத் துண்டில் குழந்தையைச் சுற்றுவார். வாசனை இருக்கும், புகை இருக்காது. அடுத்த தடவை ஹெல்கா குழந்தையைத் தூக்கியபோது தலையில் மூக்கை வைத்து, "எங்கள் ஊர்த் தேவாலயத்தில் கிறிஸ்துமஸுக்கு இந்த வாசனை வரும்" என்றார். அன்றைக்குத்தான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

நைனா ஊருக்குப் போனபிறகும் அந்தக் கடிகாரத்தை யாரும் மாற்றவில்லை. செவ்வாயும் வெள்ளியும் பத்து மணிக்கு விசிறி நிற்கும், வீடு அமைதியாகிவிடும். முதல் சில வருடம் நானே தணல் எடுத்தேன். பிறகு மீரா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள், நானும் வேலைக்குப் போனேன். வெறும் வீட்டில் அடுப்பு அதுபாட்டுக்கு ஓய்ந்து, தணல் சாம்பலாகி, அதுபாட்டுக்குப் பற்றிக்கொண்டது. மாற்றிவிடலாமா என்று முரளி ஒரு தடவை கேட்டார். கையை வெட்டுவேன் என்றேன்.

மீராவுக்கு இப்போது இரண்டாம் வகுப்பு. நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்கிறாள். திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், மிட்டாய் கொடுத்தும் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை தாத்தாவோடு போனில் பேசுவதோடு அவளுடைய தமிழ் சரி. அவரும் அவளும் அப்படி என்னதான் பேசுவார்களோ, கதவைச் சாத்திக்கொள்வாள். விட்டுவிட்டேன், என் பொறுமைக்கும் ஓர் அளவு உண்டு.

போன வாரம் யோசப் புது அடுப்பை நிறுத்தி முடித்தபோது அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். பையைக் கழற்றாமல் அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக் கேட்டாள்:

"ம்மா, இதுல செவ்வா வெள்ளி கீதா?"

கேட்டது தமிழில், அதுவும் அப்படியே நைனாவின் பேச்சு. யோசப்புக்கு ஒரு வார்த்தையும் புரிந்திருக்க முடியாது. ஆனால் அவள் எதைக் கேட்கிறாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. குனிந்து, புது அடுப்பின் சின்னத் திரையை விரலால் தட்டிக் காட்டினார். செவ்வாய், வெள்ளி, பத்து மணி. நான் சொல்லாமலே போட்டு வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை போனில் இதை நைனாவிடம் சொன்னேன். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"புது அடுப்பும் அணையுதா கண்ணு?"

"அணையுது நைனா."

"செரி. அப்ப வூடு சூடா இருக்கும்" என்றார். "போனை பாப்பாகிட்ட குடு."